பாதியில் பாதி எவ்வளவு? கதிரியக்கச் சிதைவைக் கணக்கிட ஒரு வழிகாட்டி

காலை 8 மணிக்கு ஒரு குப்பியில் 800 மெகாபெக்கரல் அளவுக்கு டெக்னீசியம்-99எம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மெகாபெக்கரல் என்பது கதிரியக்கத்தை அளக்கும் அலகு. எலும்பு, இதயம், தைராய்டு ஆகியவற்றை ஸ்கேன் எடுக்க மருத்துவமனைகளில் அன்றாடம் பயன்படும் கதிரியக்கப் பொருள் இது. இதன் அரை ஆயுட்காலம், அதாவது பாதியாகக் குறைய எடுக்கும் நேரம், 6 மணி நேரம். ஆகவே பகல் 2 மணிக்கு 400 இருக்கும். இதுவரை குழப்பமில்லை. ஆனால் 11 மணிக்கு எவ்வளவு இருக்கும்?

600 என்றுதான் சட்டென்று வாயில் வரும். ஆறு மணி நேரத்தில் 400 குறைகிறது என்றால் மூன்று மணி நேரத்தில் 200 குறையும் என்ற கணக்கு. முதன்முதலில் நானும் அப்படித்தான் சொன்னேன். சரியான விடை 566. அந்த 34 எங்கே போனது என்று புரிந்துவிட்டால் கதிரியக்கக் கணக்கில் முக்கால்வாசி புரிந்த மாதிரிதான். மீதிக் கால்வாசி, கால்குலேட்டரில் அடைப்புக்குறியை மறக்காமல் போடுவது.

இந்தக் கட்டுரைக்கு நுண்கணிதம் தேவையில்லை. பெருக்கல், வகுத்தல், ‘அடுக்கு’ என்றால் என்ன என்ற அறிமுகம், ஒரு அறிவியல் கால்குலேட்டர் ஆகியவை போதும். கைபேசியில் இருப்பதே போதுமானது.

ஏன் பாதி பாதியாகக் குறைகிறது?

வாய்ப்பாட்டுக்குப் போவதற்கு முன் கையால் ஒரு முறை செய்து பார்த்துவிடுங்கள். 100 நாணயங்களைக் குலுக்கித் தரையில் போடுங்கள். தலை விழுந்தவற்றை எல்லாம் எடுத்து ஒதுக்கிவிட்டு, மீதியை மறுபடி குலுக்குங்கள். முதல் சுற்றில் 50 பக்கம் மிஞ்சும், அடுத்ததில் 25 பக்கம், அப்புறம் 12 அல்லது 13, பிறகு 6, 3 என்று போகும். அச்சடித்த மாதிரி 50 வராது. 46 வரலாம், 54 வரலாம். ஆனால் போக்கு மாறாது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நான்கு சுற்று தாக்குப்பிடித்த நாணயத்துக்கு ஐந்தாவது சுற்றில் தலை விழும் வாய்ப்பு கூடிவிடுவதில்லை. அதே பாதி வாய்ப்புதான். கதிரை உமிழ்ந்து மாறிவிடும் (அதைத்தான் சிதைவு என்கிறோம்) அணுக்கருவும் அப்படியே. அதற்கு வயதாவதில்லை, தேய்மானம் இல்லை, ‘நம் முறை வந்துவிட்டது’ என்ற எண்ணமும் இல்லை. பூமி உருவாகும் முன்பே பிறந்த யுரேனியம்-238 அணுக்கருவுக்கும் நேற்று ஓர் ஆய்வகத்தில் பிறந்ததற்கும் அடுத்த நொடியில் சிதையும் வாய்ப்பு ஒன்றேதான். ஆகவே ஒரு நொடியில் எத்தனை சிதையும் என்பது, அந்த நொடியில் எத்தனை இருக்கின்றன என்பதை மட்டுமே பொறுத்தது. நிறைய இருந்தால் நிறைய சிதையும். குறையக் குறையச் சிதைவதும் குறையும்.

இப்போது அந்த 34-ஐப் பிடித்துவிடலாம். காலை 8 மணிக்கு 800 இருக்கும்போது குறைகிற வேகம், பகல் 2 மணிக்கு 400 இருக்கும்போது உள்ள வேகத்தைப் போல் இரண்டு மடங்கு. முதல் மூன்று மணி நேரத்தில் அதிகம் கரையும், அடுத்த மூன்று மணி நேரத்தில் குறைவாகக் கரையும். 800-லிருந்து 566 ஆக 234 குறைந்தது. 566-லிருந்து 400 ஆக 166 குறைந்தது. இரண்டிலும் விகிதம் ஒன்றுதான்: 0.707. அதையே இரண்டு முறை பெருக்கினால் 0.5 வரும். கழித்துக்கொண்டே போகும் கணக்கு இல்லை இது, பெருக்கிக்கொண்டே போகும் கணக்கு.

நாணயத்தில் ஆட்டம் காட்டிய 46, 54 எல்லாம் குப்பியில் ஏன் தெரிவதில்லை? அங்கே நாணயங்கள் அத்தனை அதிகம். 800 மெகாபெக்கரல் டெக்னீசியத்தின் எடை சுமார் 4 நானோகிராம்தான், ஆனால் அதற்குள் 25 லட்சம் கோடி அணுக்கள் இருக்கின்றன. அவ்வளவு பெரிய கூட்டத்தில் தனி அணுவின் விருப்பு வெறுப்பு எல்லாம் கரைந்து போய், வளைகோடு வழவழப்பாகத் தெரிகிறது.

இந்த ஒழுங்கை முதலில் அளந்து சொன்னவர் இயற்பியலாளர் எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டு. மாண்ட்ரியலில் தோரியத்திலிருந்து கசியும் வாயுவை ஆராய்ந்தபோது, அதன் கதிரியக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்கு ஒரு முறை பாதியாவதைக் கண்டு 1900-இல் வெளியிட்டார். அந்த வாயு இன்று ரேடான்-220. அதன் அரை ஆயுட்காலம் 55.6 நொடி. அந்தக் காலத்துக் கருவிகளை வைத்துப் பார்த்தால் அசத்தலான அளவீடு.

முதல் வேலை: எத்தனை அரை ஆயுட்காலம் போனது?

எந்தக் கணக்கு வந்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். கழிந்த காலத்தை அரை ஆயுட்காலத்தால் வகுங்கள். வருகிற எண்ணை ‘சுற்று’ என்று வைத்துக்கொள்வோம்.

சுற்று = கழிந்த காலம் ÷ அரை ஆயுட்காலம்

1 சுற்றில் பாதி, 2 சுற்றில் கால், 3 சுற்றில் அரைக்கால். 7 சுற்று போனால் ஒரு சதவீதத்துக்கும் கீழே (0.78) வந்துவிடும். 10 சுற்றில் 1024-இல் ஒரு பங்கு, அதாவது ஆயிரத்தில் ஒன்று என்று தோராயமாகச் சொல்லலாம். இந்த 7, 10 இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் பல கேள்விகளுக்குக் கால்குலேட்டரே வேண்டாம்.

செர்னோபில் அணு உலை விபத்து 1986 ஏப்ரல் 26-இல் நடந்தது. வெளியேறியவற்றில் அயோடின்-131, சீசியம்-137 இரண்டும் முக்கியமானவை. அயோடினின் அரை ஆயுட்காலம் 8.02 நாள். 10 சுற்று என்றால் 80 நாள். ஆக அந்த ஆண்டு ஜூலை நடுவிலேயே அயோடின் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிட்டது. சீசியத்தின் அரை ஆயுட்காலம் 30 ஆண்டுக்குச் சற்று மேல். அதற்கு முதல் சுற்று முடியவே 2016 ஆனது. முதல் சில வாரங்கள் அயோடின் கலந்த பாலைப் பற்றிய கவலையும், பல பத்தாண்டுகளுக்குச் சீசியம் படிந்த மண்ணைப் பற்றிய கவலையும் ஏன் என்பதற்கு இந்த ஒரு வகுத்தலே போதும்.

ஒரு எச்சரிக்கை: ‘10 சுற்று போனால் ஆபத்து இல்லை’ என்று சிலர் விதி மாதிரிச் சொல்வார்கள். ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது உண்மை. எதில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பதுதான் கேள்வி. தொடக்கத்திலேயே மலைபோல் இருந்தால் அதில் ஆயிரத்தில் ஒன்றும் கணிசமானதுதான்.

அடுத்தது: சுற்று முழு எண்ணாக இல்லாவிட்டால்

இங்கேதான் அடுக்குக்குறிச் சார்பு உள்ளே வருகிறது. பெயர் பெரிது, விஷயம் சிறிது. மாறுகிற எண் அடுக்கில் உட்கார்ந்திருந்தால் அது அடுக்குக்குறிச் சார்பு.

மீதி = தொடக்கம் × (1/2)^சுற்று

^ என்ற குறி ‘அடுக்கு’ என்பதைக் காட்டுகிறது. சுற்று 3 என்றால் அரையை மூன்று முறை பெருக்குகிறோம். சுற்று 0.5 என்றால்? அரையை ‘அரை முறை’ பெருக்குவது என்பது, தன்னோடு தானே பெருக்கினால் அரை வருகிற எண்ணைக் கண்டுபிடிப்பது. அதுதான் 0.707. அரையின் வர்க்கமூலம். 800 × 0.707 = 566. நம் குப்பியின் விடை வந்துவிட்டது. 0.187, 2.494 போன்ற கரடுமுரடான அடுக்குகளையும் கால்குலேட்டர் அலட்டிக்கொள்ளாமல் போட்டுத்தரும்.

இப்போது ஒரு கணக்கை விரல் விரலாகப் போடுவோம். 20 நாள் கழித்து அயோடின்-131 எத்தனை சதவீதம் மிஞ்சும்?

சுற்று: 20 ÷ 8.02 = 2.494. கால்குலேட்டரைத் தொடும் முன் ஒரு மதிப்பீடு போட்டுவிடுங்கள். 2 சுற்றில் 25 சதவீதம், 3 சுற்றில் 12.5 சதவீதம். விடை இவற்றுக்கு நடுவில் வர வேண்டும். இப்போது 0.5^2.494 = 0.1775. அதாவது 17.75 சதவீதம். நடுவில்தான் இருக்கிறது. சரி.

இந்த மதிப்பீட்டை யாரும் செய்வதில்லை, எல்லாரும் செய்ய வேண்டும். ஏனென்றால் தவறுகள் இரண்டு இடத்தில் சத்தமில்லாமல் நுழைகின்றன.

ஒன்று, அடைப்புக்குறி. டெக்னீசியம் 24 மணி நேரத்தில் எவ்வளவு மிஞ்சும் என்று கேட்டால் 0.5^(24÷6) என்று அடிக்க வேண்டும். விடை 0.0625. அடைப்புக்குறியை விட்டுவிட்டு 0.5^24÷6 என்று அடித்தால், கால்குலேட்டர் முதலில் 24-ஐ அடுக்காக எடுத்துக்கொண்டு பிறகு 6-ஆல் வகுக்கும். நூறு கோடியில் பத்துப் பங்கு என்ற மாதிரி ஓர் எண் வரும். ‘4 சுற்று, பதினாறில் ஒன்று’ என்று மனதில் ஏற்கனவே வைத்திருந்தால் பிழை உடனே கண்ணில் படும்.

இரண்டு, அலகு. இதில் நானே மாட்டியிருக்கிறேன். என் பழைய நோட்டுப் புத்தகத்தில் அயோடின் கணக்கு ஒன்று இருக்கிறது. கேள்வியில் 36 மணி நேரம் என்று கொடுத்திருந்தார்கள். அரை ஆயுட்காலம் 8 நாள். நான் 36-ஐ 8-ஆல் வகுத்து 4.5 சுற்று என்று எழுதி, 4.4 சதவீதம்தான் மிச்சம் என்று முடித்து அடியில் இரண்டு கோடு வேறு போட்டிருக்கிறேன். 36 மணி என்பது ஒன்றரை நாள். சுற்று 0.187. மிச்சம் 88 சதவீதம். கணக்கில் ஒரு தப்பும் இல்லை, வகுத்ததில்தான் மணியையும் நாளையும் கலந்துவிட்டேன். இரண்டு காலமும் ஒரே அலகில் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே வகுங்கள்.

ஈ என்ற எண் எதற்கு?

பாடநூல்கள் இந்த வாய்ப்பாட்டை வேறு விதமாக எழுதும்:

மீதி = தொடக்கம் × ஈ^(−லாம்டா × காலம்)

ஈ (கால்குலேட்டரில் e என்ற ஆங்கில எழுத்து) என்பது 2.71828 என்று தொடங்கும் எண். லாம்டா சிதைவு மாறிலி. பெரும்பாலான நூல்கள் இதில் தொடங்கி அரை ஆயுட்காலத்தைக் கடைசியில் சொல்லும். புதியவருக்கு அது தலைகீழ் வரிசை என்பது என் கருத்து. பாதி என்றால் எல்லாருக்கும் தெரியும், 2.71828 யாருக்கும் தெரியாது. ஆனாலும் இது எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டால் பயம் விலகும்.

ஒரு பொருள் ‘மணிக்கு 10 சதவீதம்’ என்ற வேகத்தில் சிதைகிறது என்போம். ஒரு மணி நேரம் முடிந்ததும் ஒரே அடியாகக் கழித்தால் மிச்சம் 0.9. ஆனால் சிதைவு மணி அடிக்கும்வரை காத்திருப்பதில்லையே. அரை மணிக்கு 5 சதவீதம் என்று இரண்டு தவணையாகக் கழித்தால் 0.95 × 0.95 = 0.9025. பத்துத் தவணையாக, ஒவ்வொன்றிலும் 1 சதவீதம் என்றால் 0.9044. நிமிடத்துக்கு ஒன்றாக அறுபது தவணை என்றால் 0.90476. தவணையை எவ்வளவு பொடியாக்கினாலும் 0.90484-ஐத் தாண்டாது. அந்த எல்லைதான் ஈ^(−0.1). இடைவிடாமல், தவணையே இல்லாமல் நடக்கிற குறைவுக்கு ஈ தானாக வந்து நிற்கிறது.

லாம்டா என்பது அந்த ‘மணிக்கு 10 சதவீதம்’ போன்ற வேகம். அரை ஆயுட்காலத்துக்கும் அதற்கும் உள்ள உறவு ஒரே வரி:

லாம்டா = 0.693 ÷ அரை ஆயுட்காலம்

0.693 எங்கிருந்து குதித்தது? ஈ-ஐ −0.693 அடுக்குக்கு உயர்த்தினால் 0.5 வருகிறது, அவ்வளவுதான். 2-இன் இயல் மடக்கை என்று இதற்குப் பெயர். கூடுதல் துல்லியம் வேண்டுமானால் 0.693147.

அயோடினுக்கு லாம்டா = 0.6931 ÷ 8.02 = 0.0864, நாளொன்றுக்கு. 20 நாளுக்கு ஈ^(−0.0864 × 20) = 0.1776. முன்பு வந்த விடைதான். கடைசி இலக்க வித்தியாசம் லாம்டாவைச் சுருக்கி எழுதியதால் வந்தது.

இரண்டும் ஒன்றே என்றால் லாம்டா எதற்கு? அதற்கு ஒரு நேரடிப் பொருள் இருக்கிறது. நாளொன்றுக்கு 0.0864 என்றால் ஓர் அயோடின் அணுக்கரு ஒரு நாளில் சிதையும் வாய்ப்பு 8.6 சதவீதத்தை ஒட்டி இருக்கும். அரை ஆயுட்காலத்தோடு ஒப்பிடும்போது சிறியதாக இருக்கும் எந்தக் காலத்துக்கும் லாம்டாவைக் காலத்தால் பெருக்கினாலே இழப்பு வந்துவிடும். புற்றுநோய்க் கதிர்சிகிச்சைக் கருவிகளில் வைக்கும் கோபால்ட்-60-இன் அரை ஆயுட்காலம் 5.27 ஆண்டு. லாம்டா ஆண்டுக்கு 0.1315, மாதத்துக்கு 0.011. அப்படியானால் அந்தக் கோபால்ட் மாதத்துக்கு 1.1 சதவீதம் வலுவிழக்கிறது. அதே அளவு சிகிச்சை தர நேரத்தைச் சற்றுக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். அடுக்கே போடாமல் கிடைத்த விடை இது.

லாம்டாவின் தலைகீழி (1 ÷ லாம்டா) சராசரி ஆயுட்காலம். அரை ஆயுட்காலத்தைப் போல் 1.44 மடங்கு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். சராசரி ஆயுட்காலம் முடியும்போது மிச்சம் இருப்பது 36.8 சதவீதம், பாதி இல்லை.

கேள்வியைத் திருப்பிப் போட்டால்: காலத்தைக் கண்டுபிடிப்பது

உயிரோடு இருக்கும்வரை மரம் காற்றிலிருந்து கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனை எடுத்துக்கொண்டே இருக்கும்; செத்த பிறகு அது சிதைந்து குறைய மட்டுமே செய்யும். ஒரு மரக்கட்டையில் இருக்க வேண்டிய கார்பன்-14-இல் 30 சதவீதம்தான் மிச்சம். மரம் எப்போது செத்தது?

முதலில் மதிப்பீடு. 50 சதவீதம் என்றால் 1 சுற்று, 25 என்றால் 2 சுற்று. 30 என்பது இரண்டுக்கும் நடுவில், 2-க்குப் பக்கத்தில். கார்பன்-14-இன் அரை ஆயுட்காலம் 5730 ஆண்டு. ஆகவே விடை பத்தாயிரத்தை நெருங்கி வர வேண்டும்.

துல்லியமாகக் கண்டுபிடிக்க மடக்கை தேவை. அரையை எத்தனையாவது அடுக்குக்கு உயர்த்தினால் 0.3 வரும் என்ற கேள்விக்கு விடை தருவதுதான் மடக்கையின் வேலை. கால்குலேட்டரில் ஆங்கில எல், என் எழுத்துகள் இரண்டும் சேர்ந்து எழுதிய பொத்தான் இயல் மடக்கை.

சுற்று = மடக்கை(தொடக்கம் ÷ மீதி) ÷ மடக்கை(2)

தொடக்கத்தை மேலே வைத்து வகுப்பது என் பழக்கம். எண் ஒன்றுக்கு மேல் வருவதால் கழித்தல் குறி தொல்லை கிடையாது. 1 ÷ 0.3 = 3.333. அதன் மடக்கை 1.204. அதை 0.693-ஆல் வகுத்தால் 1.737 சுற்று. 1.737 × 5730 = சுமார் 9950 ஆண்டு.

இந்த முறையைக் கண்டுபிடித்ததற்காக அமெரிக்க வேதியியலாளர் வில்லர்ட் லிபிக்கு 1960-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் பயன்படுத்திய அரை ஆயுட்காலம் 5568 ஆண்டு. பிற்பாடு 5730 என்று திருத்தப்பட்டாலும் ஆய்வகங்கள் இன்றும் 5568-ஐ வைத்தே ‘கதிர்கார்பன் வயது’ வெளியிடுகின்றன. பழைய முடிவுகளோடு ஒப்பிட வசதியாக இருக்கட்டும் என்பதற்காக. மரவளையங்களை எண்ணி உருவாக்கிய அட்டவணை மூலம் பிறகு அதை நிஜ ஆண்டாக மாற்றுவார்கள். நம் கட்டைக்கு லிபி எண்ணில் போட்டால் 9670 வரும். அறிக்கையைப் படிக்கும்போது இந்த வேறுபாடு தெரியாவிட்டால் தலை சுற்றும். அப்புறம், அந்த அறிக்கைகளில் ‘இன்று’ என்றால் 1950-ஆம் ஆண்டு என்று பொருள்.

50,000 ஆண்டுப் பழைய எலும்பைக் கார்பனால் அளக்கலாமா? 8.7 சுற்று, மிச்சம் 0.24 சதவீதம். சிறிது புதிய கார்பன் ஒட்டிக்கொண்டாலும் விடை கெட்டுவிடும். இந்த முறையின் எல்லை ஏறக்குறைய அங்கேதான். டைனோசர் எலும்பைக் கார்பன்-14-ஆல் அளந்ததாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அளவீட்டிலிருந்து அரை ஆயுட்காலம்

பல கல்லூரி ஆய்வகங்களில் செய்யும் சோதனை இது. சீசியம்-137 சிதையும்போது பேரியம்-137எம் உருவாகிறது. அதைக் கழுவி எடுத்து, கதிர்வீச்சை எண்ணும் கருவியான கெய்கர் எண்ணியின் அடியில் வைத்து, நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்று குறித்துக்கொள்ள வேண்டும். மாதிரிக்கு நான் எடுத்துக்கொண்ட எண்கள்: தொடக்கத்தில் 1030, 5 நிமிடம் கழித்து 287, 10 நிமிடம் கழித்து 96.

அவசரப்பட்டு 1030-ஐயும் 96-ஐயும் வாய்ப்பாட்டில் போட்டால் அரை ஆயுட்காலம் 2.92 நிமிடம் என்று வரும். தப்பு. எண்ணியின் அடியில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் அது துடிக்கும். மண், சுவர், காற்றிலுள்ள ரேடான், வானிலிருந்து வரும் காஸ்மிக் கதிர் என்று எல்லாவற்றிலிருந்தும் வருகிற பின்னணிக் கதிர்வீச்சு அது. மாதிரியை வைக்கும் முன்பே அதை அளந்திருக்க வேண்டும். இங்கே அது நிமிடத்துக்கு 30 என்போம். எல்லாவற்றிலும் 30-ஐக் கழியுங்கள்: 1000, 257, 66.

இப்போது 1000 ÷ 66 = 15.15. மடக்கை 2.718. 0.693-ஆல் வகுத்தால் 3.92 சுற்று. 10 நிமிடத்தை 3.92-ஆல் வகுத்தால் 2.55 நிமிடம். பேரியம்-137எம்-இன் ஏற்றுக்கொள்ளப்பட்ட அரை ஆயுட்காலம் அதுவே. முதல் எண்ணில் 30-ஐக் கழித்தது ஒன்றுமே செய்யவில்லை; கடைசி எண்ணில் மூன்றில் ஒரு பங்கையே அது தின்றுவிட்டது. பின்னணி எப்போதும் வாலில்தான் கடிக்கும்.

இரண்டு எண்ணை மட்டும் நம்பாமல் பல எண்களை எடுத்து, ஒவ்வொன்றின் மடக்கையையும் காலத்துக்கு எதிராக வரைபடத்தாளில் குறியுங்கள். நம் மூன்றின் மடக்கைகள் 6.908, 5.549, 4.190. ஒவ்வொரு 5 நிமிடத்துக்கும் 1.359 இறங்குகிறது. வளைகோடு நேர்கோடாகிவிட்டது. அதன் சாய்வு, நிமிடத்துக்கு 0.272, லாம்டாவே. கோடு வால் பகுதியில் மேல்நோக்கி வளைந்தால் பெரும்பாலும் பின்னணியைக் கழிக்க மறந்திருப்பீர்கள், அல்லது நீண்ட ஆயுள் கொண்ட வேறொரு பொருள் கலந்திருக்கிறது.

நிஜ அளவீடு என் எண்களைப் போல் இவ்வளவு ஒழுங்காக இருக்காது. ஒரு எண்ணிக்கையின் இயல்பான தடுமாற்றம் அதன் வர்க்கமூலத்தை ஒட்டியது. 1000-க்கு 32, பரவாயில்லை. 96-க்கு 10 வரை, கொஞ்சம் வலிக்கும். கடைசி அளவீடுகளை அதிக நேரம் எண்ணுவது நல்லது.

கிராமிலிருந்து பெக்கரலுக்கு

நொடிக்கு ஒரு சிதைவு என்றால் ஒரு பெக்கரல். ஒரு பொருளின் சிதைவு வீதம் = லாம்டா × அணுக்களின் எண்ணிக்கை. இதில் லாம்டா நொடிக் கணக்கில் இருக்க வேண்டும்.

1 கிராம் ரேடியம்-226-ஐ எடுத்துக்கொள்வோம். 226 கிராமில் 6.022 × 10²³ அணுக்கள் இருக்கின்றன என்றால் 1 கிராமில் 2.665 × 10²¹. அரை ஆயுட்காலம் 1600 ஆண்டு, அதாவது 5.05 × 10¹⁰ நொடி. லாம்டா 1.373 × 10⁻¹¹. பெருக்கினால் 3.66 × 10¹⁰ பெக்கரல். பழைய அலகான கியூரி 3.7 × 10¹⁰ பெக்கரல் என்று வரையறுக்கப்பட்டது ஏன் என்று இப்போது தெரிகிறது. ஒரு கிராம் ரேடியத்தை வைத்துத்தான் அந்த அலகே பிறந்தது.

லாம்டா சிறியதானால் வீதமும் சிறியது. அரை ஆயுட்காலம் நீண்டிருந்தால் ஆபத்து அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். அதே எண்ணிக்கை அணுக்களை வைத்துப் பார்த்தால் நொடிக்கு நொடி சிதைவு குறைவு என்பதே அதன் பொருள். பிஸ்மத்-209-ஐ நெடுங்காலம் நிலையானது என்றே நினைத்தார்கள். 2003-இல்தான் அது சிதைவதே உறுதியானது. அரை ஆயுட்காலம் சுமார் 2 × 10¹⁹ ஆண்டு. பிரபஞ்சத்தின் வயதைப் போல் நூறு கோடி மடங்குக்கும் மேல்.

இரண்டு கடிகாரம் ஒன்றாக ஓடும்போது

உடலுக்குள் போன பொருள் சிதைவால் மட்டும் குறைவதில்லை, வெளியேறியும் குறைகிறது. வேகங்களைக் கூட்டலாம், காலங்களைக் கூட்ட முடியாது. ஆகவே தலைகீழிகளைக் கூட்ட வேண்டும். சீசியம்-137-இன் அரை ஆயுட்காலம் சுமார் 11,000 நாள். பெரியவர்கள் உடலிலிருந்து பாதி வெளியேற 110 நாள் என்று எடுத்துக்கொண்டால், 1/110 + 1/11000 = 1/109. இரண்டும் சேர்ந்த அரை ஆயுட்காலம் 109 நாள். விடை எப்போதும் இரண்டில் சிறியதைவிடக் குறைவாக வரும், சராசரி எடுத்துவிடாதீர்கள்.

இரண்டு கடிகாரத்துக்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஆப்பிரிக்காவில் காபோன் நாட்டு ஓக்லோ யுரேனியச் சுரங்கம். இன்று இயற்கை யுரேனியத்தில் யுரேனியம்-235 எங்கே தோண்டினாலும் 0.72 சதவீதம். 1972-இல் ஓக்லோ தாதுவில் அது கொஞ்சம் குறைவாக இருந்ததைப் பிரான்சில் கண்டுபிடித்தார்கள். காணாமல் போனதை யாரும் திருடவில்லை. சுமார் 200 கோடி ஆண்டுக்கு முன் அந்தப் பாறையே நிலத்தடி நீரின் உதவியோடு அணு உலையாக ஓடி, அதை எரித்திருக்கிறது. இன்றைய இயற்கை யுரேனியத்தைச் சாதாரண நீரோடு வைத்தால் உலை ஓடாது. அன்று எப்படி ஓடியது?

பின்னோக்கிப் போகும்போது பாதியாக்குவதற்குப் பதில் இரட்டிப்பாக்க வேண்டும். யுரேனியம்-235-இன் அரை ஆயுட்காலம் 70.4 கோடி ஆண்டு. 200 ÷ 70.4 = 2.84 சுற்று. 2^2.84 = 7.16. அன்று அது இன்றைப் போல் 7.16 மடங்கு இருந்தது. யுரேனியம்-238-க்கு 446.8 கோடி ஆண்டு, 0.448 சுற்று, 1.364 மடங்கு. இன்று 238-க்கு எதிரே 235-இன் விகிதம் 0.00725. அன்று 0.00725 × 7.16 ÷ 1.364 = 0.0381. மொத்தத்தில் பங்காக மாற்ற 0.0381-ஐ 1.0381-ஆல் வகுத்தால் 3.67 சதவீதம். இன்று சாதாரண நீரில் ஓடும் உலைகளுக்கு 3 முதல் 5 சதவீதம்வரை செறிவூட்டிய (யுரேனியம்-235-இன் பங்கைக் கூட்டிய) எரிபொருளைத்தான் தயாரிக்கிறார்கள். அன்று அது பாறையிலேயே தயாராகக் கிடந்தது.

இதே கணக்கைப் பூமி உருவான 454 கோடி ஆண்டுக்கு முன்னால் கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள். 24 சதவீதத்தை ஒட்டி வந்தால் சரி. 39 வந்தால் யுரேனியம்-238-உம் சிதைகிறது என்பதை மறந்துவிட்டீர்கள்.